இலை சிவக்கும் வழியே தெற்கு நோக்கி: மூன்று வார ஆர்வி பயணம்

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் எழுபது வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு, வாடகைக்கு ஓர் ஆர்வி (உள்ளேயே படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டி) எடுத்து, வெர்மான்ட்டில் தொடங்கி, இலைகளின் நிறம் தெற்கே நகர நகர அதன் கூடவே வட கரோலினா வரை கணவனும் மனைவியுமாகப் போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மூன்று வார விடுப்பு இருக்கிறது. எப்போது கிளம்புவது, எங்கே தங்குவது, எதில் கவனமாக இருப்பது என்று கேட்கிறார். இந்தப் பாதையைச் சில ஆண்டுகளில் துண்டு துண்டாகவும் ஒருமுறை முழுதாகவும் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாராளமாகப் போகலாம். செப்டம்பர் கடைசி வாரத்தில் கிளம்பி அக்டோபர் 20 வாக்கில் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் நிறம் உச்சத்தைத் தொடும் நாளை வரைபடத்தில் தேடிப்பிடித்து, அந்தந்த நாளில் அங்கங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். அப்படித் திட்டமிட்டவர்கள் பாதி விடுப்பை நெடுஞ்சாலையில் கழித்துவிட்டு, மழையில் ஓரிடம், இருட்டில் ஓரிடம் என்று பார்த்துத் திரும்பியதைக் கண்டிருக்கிறேன். நிறம் வடக்கிலிருந்து தெற்கே நகர்வதைப் போலவே மலை உச்சியிலிருந்து அடிவாரத்துக்கும் இறங்குகிறது. ஆயிரம் அடி ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 3.5 ஃபாரன்ஹீட் குறைகிறது என்பதால், ஒரே மலையின் மேலும் கீழும் நிறத்தில் பத்து நாள், சில இடங்களில் அதற்கும் மேல், வித்தியாசம் இருக்கும். ஆகவே உயர வித்தியாசம் அதிகமுள்ள நான்கைந்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு இரவு தங்கினால், அந்த ஆண்டு நிறம் முந்தினாலும் பிந்தினாலும் மேலேயோ கீழேயோ உங்களுக்கு அது கிடைத்துவிடும்.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்பது தெரிந்தால் திட்டமிடுவது எளிது. பகல் நேரம் குறையக் குறைய மரம் இலையில் புதிதாகப் பச்சையம் செய்வதை நிறுத்திக்கொண்டு, இருப்பதையும் சிதைத்து, அதிலுள்ள சத்தைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. கோடை முழுவதும் பச்சையத்துக்குப் பின்னால் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் அப்போது வெளியே தெரிகின்றன. பிர்ச், ஹிக்கரி, டியூலிப் பாப்லர் மரங்களின் மஞ்சள் அதுதான். சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்னும் அந்த நிறமி முன்பே இலையில் இருந்ததல்ல, இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு இலையுதிர் காலத்தில் புதிதாக உண்டாவது. அதற்கு நல்ல வெயில் வேண்டும். ஒருநாள் காலை நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்விஃப்ட் ஆற்றங்கரைப் பாறையில் கிடந்த ஒரு மேப்பிள் இலையை எடுத்துப் பார்த்தேன். இலை முழுவதும் குங்குமச் சிவப்பு. நடுவில் மட்டும் இன்னொரு சிறிய இலையின் உருவம், பற்கள் போன்ற விளிம்பு உட்பட, மஞ்சளாகப் பதிந்திருந்தது. மரத்தில் இருந்தபோது மேலிருந்த இலையின் நிழல் விழுந்த இடத்தில் சிவப்பு உண்டாகவே இல்லை. அந்த இலையை என் நாட்குறிப்புக்குள் வைத்து இன்றும் பாதுகாத்து வருகிறேன்.

பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரும் தொடர்ந்தால் சிவப்பு தூக்கலாக வரும். இரவு வெதுவெதுப்பாகவே இருந்தால் நிறம் மங்கிப் பிந்தும். கோடையில் வறட்சி கடுமையாக இருந்தால் இலை முன்கூட்டியே பழுப்பேறி உதிரும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்து ஒவ்வோர் இடத்தின் இரவு வெப்பநிலையையும் மழை அறிவிப்பையும் பார்த்துவாருங்கள். நாட்டு வரைபடத்தில் நிறம் தீட்டிக்காட்டும் பொதுவான கணிப்புகளைவிட இது அதிகம் உதவும்.

முதல் தங்குமிடம் வடக்கு வெர்மான்ட்டில் ஸ்டோவ் பகுதியாக இருக்கட்டும். அருகிலுள்ள மேன்ஸ்ஃபீல்ட் மலையின் உச்சி 4,393 அடி. ஸ்டோவ் கிராமமோ ஆயிரம் அடிக்கும் கீழே இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அங்கே நின்றால் மலை பட்டை பட்டையாகத் தெரியும். மேலே ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்களின் கரும்பச்சை, சில ஆண்டுகளில் அதன்மீது முதல் பனித் தூவல், அதற்குக் கீழே எரிவது போன்ற சிவப்பும் ஆரஞ்சும், அடிவாரத்தில் இன்னும் பச்சை. அங்கிருந்து ஒருநாள் வடகிழக்கே வில்லோபி ஏரிக்குப் போய்வாருங்கள். பிஸ்கா, ஹோர் என்னும் இரு மலைகளுக்கு நடுவே, பனியாறு குடைந்து உண்டாக்கிய ஆழமான ஏரி அது. இருபுறமும் செங்குத்தாக எழும் சரிவின் நிறம் காலை நேரத்தில் நீரில் அப்படியே விழும்.

வெர்மான்ட்டை நெடுகக் கடக்கும் 100ஆம் எண் சாலை ஏறத்தாழ 216 மைல் நீளம். ஆர்விக்கு ஏற்ற, பெரும்பாலும் பள்ளத்தாக்கிலேயே ஓடும் சாலை. வாட்டர்பரி, வெயிட்ஸ்ஃபீல்ட், வாரன் வழியாக இறங்கி கிரான்வில் அருகே போகும்போது மாஸ் கிளென் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது; வண்டியிலிருந்து இறங்கிச் சில அடி நடந்தாலே பார்க்கலாம் என்பதால் உங்கள் அம்மாவுக்கு மிகவும் பொருத்தமான இடம். காட்டுக்குள் அங்கங்கே சிதைந்த கற்சுவர்களைக் கண்டால் அதை அவருக்குக் காட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்த மாநிலத்தின் காட்டில் பெரும்பகுதி செம்மறியாட்டு மேய்ச்சலுக்காகவும் பயிருக்காகவும் வெட்டப்பட்டது. பின்னர் மக்கள் நிலத்தை விட்டுப் போகப்போகக் காடு தானே திரும்ப வளர்ந்து, இன்று மாநிலத்தில் முக்கால் பங்கு காடாக இருக்கிறது. இன்று உலகமே வந்து பார்க்கும் இந்த வண்ணக் காட்டில் பெரும்பகுதி, கைவிடப்பட்ட வயல்களில் முளைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்டோவிலிருந்து ஜெஃபர்சன்வில்லுக்குப் போகும் 108ஆம் எண் சாலை ஸ்மக்ளர்ஸ் நாட்ச் என்னும் கணவாயைக் கடக்கிறது. பெரும்பாறைகளுக்கு நடுவே ஒரு வண்டி மட்டுமே நுழையும் அளவுக்குக் குறுகி, கொண்டைஊசி வளைவுகளோடு போகும் அந்தச் சாலையில் நீளமான லாரிகள் ஆண்டுதோறும் சிக்கிக்கொள்கின்றன. காரில் போனால் மறக்க முடியாத சாலை. ஆர்வியைக் கொண்டுபோகவே கூடாது. வழிகாட்டும் செயலி அதைக் குறுக்குவழி என்று காட்டினாலும் கேட்காதீர்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்பும் யோசனை இதிலிருந்தே வருகிறது. நீங்கள் இருவரும் வண்டி ஓட்டுவீர்கள் என்றால், உங்கள் காரையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒருவர் ஆர்வியையும் மற்றவர் காரையும் ஓட்டலாம். எரிபொருள் செலவு கூடும், உண்மைதான். ஆனால் ஆர்வியை வீடாக ஓரிடத்தில் நிறுத்தி, தண்ணீர், மின் இணைப்பு எல்லாம் கொடுத்துவிட்டு, நிறம் பார்க்கக் காரில் போய்வருவதுதான் இந்தப் பயணத்தை இன்பமாக்குகிறது. முப்பது அடி வண்டியை நிறுத்த இடமின்றி, கண்ணெதிரே இருக்கும் காட்சிமுனைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும் ஏமாற்றத்தை என் முதல் பயணத்தில் அனுபவித்தேன். ஆர்வி நுழையக் கூடாத இடங்களும் ஏராளம். நியூ ஹாம்ப்ஷயரில் வாஷிங்டன் மலையுச்சிக்குப் போகும் ஆட்டோ ரோட்டில் ஆர்விக்கு அனுமதி இல்லை. தெற்கே ஸ்மோக்கி மலையில் ரோரிங் ஃபோர்க் சாலையிலும் அப்படியே.

அக்டோபர் முதல் வாரம் நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மவுன்டன்ஸ். லிங்கனுக்கும் கான்வேக்கும் நடுவேயுள்ள கான்கமேகஸ் நெடுஞ்சாலை 34.5 மைல்தான், ஆனால் அதற்கு ஒரு நாள் போதாது. 2,855 அடி உயரத்தில் கணவாயைத் தொட்டு இருபுறமும் இறங்கும் சாலை என்பதால், நான் முன்னே சொன்ன உயரக் கணக்கு இங்கே கையில் வைத்ததுபோல் தெரியும். வழியில் பெட்ரோல் நிலையமே கிடையாது. கிளம்பும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் லிங்கன் பக்கமிருந்து ஏறினால் கூட்டமில்லாமல் கணவாயை அடையலாம். மாலைக்குப் பிறகு வேண்டாம், மான் குடும்பத்தைச் சேர்ந்த மூஸ் என்னும் பெரிய விலங்கு இருட்டில் சாலையைக் கடக்கும். 1858இல் கட்டப்பட்ட ஆல்பனி மூடுபாலம் இச்சாலையை ஒட்டியே இருக்கிறது. கூரையும் பக்கப் பலகைகளும் கொண்ட அந்த மரப்பாலத்தின் உயர வரம்பு எட்டு அடிக்கும் குறைவு. உங்கள் ஆர்வி ஏறத்தாழ பன்னிரண்டு அடி. பாலத்தின் அக்கரையிலுள்ள கேம்ப்கிரவுண்டுக்கு (ஆர்வியை நிறுத்தித் தங்கும் இடம்) போகிறவர்கள் சுற்றுச்சாலையில்தான் போக வேண்டும்.

அக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமை கொலம்பஸ் தின விடுமுறை. அந்த வார இறுதியில் பாஸ்டன், நியூயார்க் மக்கள் மொத்தமாக இங்கே திரளுவார்கள். அதே நாளில் கனடாவிலும் விடுமுறை. அந்த மூன்று நாளும் வண்டியை அசைக்காமல் இருப்பதே நல்லது. தெற்கு வெர்மான்ட்டில் வெஸ்டன், லண்டன்டெரி பக்கம் முன்கூட்டியே இடம் பிடித்து அங்கேயே தங்கிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டிய நாட்கள் இவைதாம். வெர்மான்ட் மாநிலப் பூங்காக்களில் மின், நீர் இணைப்பு கிடையாது என்பதையும், பெரும்பாலானவை இந்த விடுமுறையோடு மூடப்பட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அம்மா உடன் வருவதால் இணைப்புள்ள தனியார் கேம்ப்கிரவுண்டையே தேர்ந்தெடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் குளிர். இந்த மாதத்தில் இரவில் அங்கே உறைநிலைக்கே இறங்கும். ஆர்வியின் ஹீட்டர் புரொபேன் வாயுவில் எரிந்தாலும், சூடான காற்றைத் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. மின் இணைப்பு இல்லாத இடத்தில் இரவு முழுவதும் அது ஓடினால் விடியும்முன் பேட்டரி இறங்கி ஹீட்டரும் நின்றுவிடும். பெரும்பாலான இடங்களில் இரவு பத்து மணிக்குமேல் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது. இன்னொன்று தண்ணீர்க் குழாய். ஒருமுறை இரவில் குழாயைக் கழற்றாமல் தூங்கிவிட்டேன். காலையில் அது கம்புபோல் விறைத்துக் கிடந்தது. காபிக்குத் தண்ணீர் இல்லாமல் பத்து மணி வரை வெயிலுக்காகக் காத்திருந்தோம். மாலையிலேயே வண்டியின் நன்னீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு, குழாயைக் கழற்றி நீரை வடித்துச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.

சமையல் செய்யும்போது, எவ்வளவு குளிராக இருந்தாலும், கூரைத் திறப்பைச் சற்றே திறந்து வையுங்கள். குக்கர் ஆவியும் இட்லி ஆவியும் மூவரின் மூச்சும் சேர்ந்து சன்னல் கண்ணாடியிலும் படுக்கையோரச் சுவரிலும் நீராக வழியும். வயதானவர்களுக்கு அந்த ஈரம் ஆகாது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும் என்பதால், பின்புறம் தரைமட்டத்தில் கட்டில் உள்ள, 25 அடி அளவிலான சி வகை வண்டியை (ஓட்டுநர் இருக்கைக்கு மேலும் படுக்கை உள்ள வகை) எடுத்து அந்தக் கட்டிலை அம்மாவுக்குக் கொடுங்கள். வாசல் படிக்குக் கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று வண்டியை எடுக்கும்போதே ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் நீளும் அறை உள்ள வண்டியாக இருந்தால், அதை உள்ளே இழுக்கும் முன் அதன் கூரையில் விழுந்திருக்கும் ஈர இலைகளைத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் அவை ரப்பர் விளிம்பில் சிக்கி, அடுத்த மழையில் நீர் உள்ளே வரும்.

விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை தெற்கே கிளம்பலாம். ஐ-91 நெடுஞ்சாலையில் இறங்கி, ஐ-84இல் மேற்கே திரும்பி, நியூபர்க்கில் ஹட்சன் ஆற்றைக் கடந்து, ஸ்க்ரான்டன் அருகே ஐ-81ஐப் பிடித்து, ஹாரிஸ்பர்க், ஹேகர்ஸ்டவுன் வழியாக வர்ஜீனியாவுக்குப் போவதே ஆர்விக்கு உகந்த வழி. கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வே, நியூயார்க்கின் டகானிக் பார்க்வே ஆகியவற்றில் பாலங்கள் தாழ்ந்தவை, ஆர்வியை அங்கே கொண்டுபோகக் கூடாது. கடலோரம் ஐ-95இல் போகலாம் என்று நினைத்தால், பால்டிமோர் சுரங்கப்பாதைகளில் புரொபேன் சிலிண்டர் உள்ள வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. முன்பு அதற்கு மாற்றாக இருந்த கீ பாலமும் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டது. இரண்டு நாளாகப் பிரித்து, பென்சில்வேனியாவில் ஓரிரவு தங்கிப் போங்கள்.

வர்ஜீனியாவின் ஃபிரண்ட் ராயலில் ஷெனன்டோவா தேசியப் பூங்காவின் ஸ்கைலைன் டிரைவ் தொடங்குகிறது. மலை முகட்டிலேயே 105 மைல் ஓடும் இந்தச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 35 மைல். 32ஆம் மைலருகே மேரிஸ் ராக் சுரங்கப்பாதையின் உயரம் 12 அடி 8 அங்குலம். வண்டியின் உயரம் என்று வாடகைத் தாளில் இருப்பதை நம்பாமல், கூரையிலுள்ள ஏசி பெட்டியின் உச்சி வரை நாடா வைத்து அளந்து, அந்த எண்ணை ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டி வையுங்கள். 51ஆம் மைலில் பிக் மெடோஸ் கேம்ப்கிரவுண்டில் மூன்று இரவு தங்கலாம். மின் இணைப்பு இல்லை, ஆனால் வெர்மான்ட் அளவுக்குக் குளிராது.

இங்கே நிறம் வேறாக இருக்கும். வடக்கே சுகர் மேப்பிளின் செந்தழலைக் கண்டு பழகிய கண்ணுக்கு முதல் நாள் சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஓக், ஹிக்கரி மரங்களின் காடு இது. பொன்னும் செம்பும் துருவும் கலந்த நிறம். அங்கங்கே பிளாக் கம், செம்மேப்பிள் மட்டும் சிவந்து நிற்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் காட்டில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரம் பெருமளவில் இருந்தது. 1904இல் நியூயார்க்கில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் அம்மரத்தை அப்பலேசியன் மலைத்தொடர் முழுவதும் அழித்துவிட்டது. அந்த இடத்தை ஓக்கும் பிற மரங்களும் பிடித்துக்கொண்டன. மாலை வெயில் தாழ்ந்து விழும் வேளையில் மேற்கு நோக்கிய காட்சிமுனை ஒன்றில் அமர்ந்து, கீழே பள்ளத்தாக்கு வரை இறங்கும் அந்தச் செம்பு நிறத்தைப் பாருங்கள். எனக்கு இப்போது வெர்மான்ட்டைவிட இதுவே அதிகம் பிடிக்கிறது.

ஸ்கைலைன் டிரைவ் முடியும் ராக்ஃபிஷ் கேப்பிலேயே புளூ ரிட்ஜ் பார்க்வே தொடங்குகிறது. 1935இல் வேலை தொடங்கி, 1987இல் லின் கோவ் மேம்பாலம் திறக்கப்பட்டதோடு முழுமையடைந்த 469 மைல் சாலை இது. கிராண்ட்ஃபாதர் மலையின் பாறைச்சரிவை வெட்டக் கூடாது என்பதற்காக, சரிவைத் தொடாமல் அந்தரத்தில் வளைந்து போகும்படி 1,243 அடி நீளத்துக்கு அந்த மேம்பாலத்தைக் கட்டினார்கள். ஜேம்ஸ் ஆற்றங்கரையில் 650 அடியளவில் இருக்கும் பார்க்வே, வட கரோலினாவில் ரிச்லாந்து பால்சம் அருகே 6,053 அடி வரை ஏறுகிறது. அக்டோபர் முழுவதும் ஏதோ ஒரு மைலில் நிறம் இருந்தே தீரும். நீங்கள் போய்ச் சேரும்போது உயரமான பகுதிகளில் கிளைகள் மொட்டையாகியிருக்கலாம்; ஆயிரம் இரண்டாயிரம் அடி இறங்கினால் நல்ல நிறத்தில் இருக்கும்.

வேக வரம்பு 45 மைல், வழியில் பெட்ரோல் கிடையாது, கேம்ப்கிரவுண்டுகளில் இணைப்பும் கிடையாது. மொத்தம் 26 சுரங்கப்பாதைகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் வட கரோலினாவில் இருக்கின்றன. அவை வளைவுக் கூரை கொண்டவை என்பதால் நடுவில் உள்ள உயரம் ஓரத்தில் இருக்காது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்தச் சாலையின் வட கரோலினாப் பகுதியைக் கடுமையாகச் சிதைத்தது. அதன்பின் பகுதி பகுதியாகச் சீரமைத்துத் திறந்துவருகிறார்கள் என்பதால், தேசியப் பூங்காத் துறையின் சாலை நிலவரத்தைப் பார்க்காமல் எந்த இடத்திலும் பதிவு செய்யாதீர்கள். முழு 469 மைலையும் ஓட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வர்ஜீனியாப் பகுதியில் பீக்ஸ் ஆஃப் ஓட்டர் ஏரிக்கரையில் இரண்டு நாள், பின்னர் வட கரோலினாவில் பிளோயிங் ராக் ஊர்ப் பக்கம் இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் போதும்.

மொத்தப் பயணம் 2,000 மைலைத் தாண்டும். சி வகை ஆர்வி ஒரு கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் தரும். ஆகவே 200 கேலனுக்கு மேல் பெட்ரோலுக்குக் கணக்கு வையுங்கள். வாடகைக்குமேல் மைல் கணக்கும் ஜெனரேட்டர் மணிக்கணக்கும் தனியாகச் சேரும், கையெழுத்திடும் முன் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பும்போது ஐ-81 வழியாக இரண்டு நாளில் வந்துவிடலாம். அந்த வேளையில் பென்சில்வேனியாவின் தாழ்ந்த குன்றுகள் மஞ்சளாகியிருக்கும். வீடு வந்து ஆர்வியை ஒப்படைத்த பிறகு, அக்டோபர் கடைசியில், உங்கள் நியூ ஜெர்சித் தெருவிலுள்ள மேப்பிள் மரங்களே சிவக்கத் தொடங்கும். வாசலில் ஒரு நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்துவிட்டால், நவம்பர் முதல் வாரம் வரை அவர் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம்.